மலை ரயிலில் இறக்கத்தைப் பாருங்க

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் காலை 7.10 ரயிலுக்காக நிற்கும் கூட்டத்தில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "நாப்பத்தாறு கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரமாங்க? பஸ்ஸுல ஏறுனா ரெண்டு ரெண்டரை மணியில ஊட்டி போயிரலாமுங்களே?" கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார். பக்கத்தில் நிற்கும் யாராவது பதிலும் சொல்லிவிடுவார்: "வேடிக்கை பாக்கத்தானுங்க மெதுவா ஓட்டறாங்க." இன்னொருவர், "பழைய இன்ஜினுங்க, அதுக்கு மேல இழுக்காது" என்பார். இரண்டுமே தப்பு. வேடிக்கைக்காக யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை, இன்ஜின் இழுக்கவும் இல்லை. அது பின்னாலிருந்து தள்ளுகிறது. வேகம் ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு விடை ஏற்றத்தில் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி, ஊட்டியிலிருந்து பகல் 2 மணிக்குக் கிளம்பும் ரயிலில் இருக்கிறது. அதில்தான் ஆட்களின் ஆர்வம் குறைவு. மேலே போகும்போது ரயில், வரும்போது பஸ் என்றுதான் பெரும்பாலோர் திட்டம் போடுகிறார்கள். படம் எடுக்கிறவர்களும் புகை கக்கிக்கொண்டு ஏறும் இன்ஜினைத்தான் எடுக்கிறார்கள்.

இந்த ரயில்பாதையின் அமைப்பில் பெரும்பங்கு இறக்கத்துக்காகச் செய்யப்பட்டது என்பது என் கட்சி. ஏற்றத்தில் சக்தி போதவில்லை என்றால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். ஆவி சேரும்வரை காத்திருந்து மறுபடி கிளம்பலாம். இறக்கத்தில் பிரேக் போதவில்லை என்றால் அப்படிக் காத்திருக்க வழியே கிடையாது.

வரலாறு இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். 1891-இல் வேலை தொடங்கி, கம்பெனி கைமாறி, 1899-இல் மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை திறந்தது. 1908-இல் ஊட்டி வரை நீண்டது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் டார்ஜிலிங் ரயிலோடு சேர்ந்தது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். டார்ஜிலிங் பாதை 610 மில்லிமீட்டர் அகலம், கால்கா – சிம்லா 762. நம்முடையது 1,000 மில்லிமீட்டர், அதாவது முழு மீட்டர் கேஜ். 'பொம்மை ரயில்' என்று இதைச் சொல்வது அளவிலேயே பொருந்தாது.

சரிவின் கணக்கு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர். கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ரயில் சாதாரணமாகத்தான் ஓடுகிறது. கல்லாறு தாண்டியதும் மலை தொடங்கிவிடும். அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள் குன்னூர், 1,700 மீட்டருக்கும் மேலே. சரிவு மிக அதிகமான இடங்களில் 12.5 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் உயரம். நூற்றுக்கு எட்டு. சைக்கிளில் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ரப்பர் டயர் தார் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தின் மேல் அந்தப் பிடிப்பு இல்லை.

100 டன் எடையுள்ள ரயில் என்று வைத்துக்கொள்வோம், இன்ஜினையும் பெட்டிகளையும் சேர்த்து. நூற்றுக்கு எட்டு சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை 8 டன். இன்ஜின் மட்டும் சுமார் 50 டன் என்றால், காய்ந்த தண்டவாளத்தில் அதன் சக்கரங்கள் தோராயமாக அதன் எடையில் கால் பங்கு வரை பிடித்துத் தள்ளும். 12 டன். கணக்குக்குச் சரிவரும் போலத் தெரிகிறது. ஆனால் நடுவழியில் இருக்கும் ஹில்குரோவ் ஸ்டேஷன் பக்கம் காலையில் பனி இறங்கி, தண்டவாளத்தில் இலை நசுங்கிக் கிடந்தால் பிடிப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 5 டன்கூட மிஞ்சாது. ஏறும்போது இப்படி ஆனால் சக்கரம் சும்மா சுற்றும். இறங்கும்போது ஆனால் பிரேக் பிடித்து நின்றுபோன சக்கரம் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே சக்கரத்தை நம்பாத ஒரு பிடி வேண்டும். அதுதான் நடுவே ஓடும் பல்தண்டவாளம்.

கல்லாறு தாண்டியதும்

ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை இது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பல் பட்டைகள். இரண்டுக்கும் இடைவெளி 44 மில்லிமீட்டர். ஓடும் தண்டவாளத்தைவிட 64 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வருமாறு மாற்றி அமைத்திருக்கிறார்கள். இன்ஜினின் பல்சக்கரமும் அப்படியே இரட்டை. ஒரு பல் விடுபடும்போது பக்கத்துப் பல் ஏற்கெனவே கடித்திருக்கும். ஒற்றைப் பட்டையாக இருந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு குலுக்கல் வரும். இரட்டையாக மாற்றி வைத்ததால் தள்ளல் சீராக வருகிறது, தேய்மானமும் குறைகிறது.

சாதாரணப் பாதையிலிருந்து பல் பாதைக்குள் நுழையும் இடம்தான் இந்த ரயிலில் மிக நுணுக்கமான சில மீட்டர்கள். ஓடிவரும் பல்சக்கரத்தின் பல், பட்டையின் பள்ளத்தில் விழ வேண்டும். பல்லின் தலைமேல் பல் ஏறிக்கொண்டால் இன்ஜின் தூக்கிக்கொள்ளும், பல் உடையலாம். அதனால் நுழைவாயிலில் இருக்கும் பட்டைத் துண்டு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்காது. அடியில் ஸ்பிரிங் இருக்கும். பல் மேல் பல் வந்தால் அந்தத் துண்டு கீழே அமுங்கி இடம் கொடுக்கும். சக்கரம் கொஞ்சம் திரும்பியதும் பள்ளம் கிடைத்து, ஸ்பிரிங் மேலே தள்ள, பல் கடித்துக்கொள்ளும். டிரைவர் தன் பங்குக்கு வேகத்தை நடை வேகத்துக்குக் குறைத்து, பல்சக்கரத்தைச் சுற்றும் சிலிண்டர்களுக்கு முன்கூட்டியே ஆவி விட்டு, சக்கரம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும்படி வைத்திருப்பார். நின்ற சக்கரத்தைக் கொண்டுபோய் பட்டையில் மோதுவது கூடாது. முதல் பெட்டியில் உட்கார்ந்தால் இது தெரியாது. இன்ஜினுக்கு ஒட்டிய பெட்டியில் இருந்தால், கல்லாறு தாண்டியதும் தரைக்கு அடியிலிருந்து ஒரு கடகடப்பு தொடங்குவது காலில் தெரியும்.

அதே நேரத்தில் காதுக்கும் ஒன்று கிடைக்கும். இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜின்களுக்கு நான்கு சிலிண்டர்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்தவை இவை. பின்னால் நம் திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலேயே இதே வகையில் புதிதாகக் கட்டினார்கள். சமதளத்தில் கீழே இருக்கும் இரண்டு சிலிண்டர் மட்டும் வேலை செய்து ஓடும் சக்கரங்களைச் சுற்றும். பல் பாதை வந்ததும், அந்தச் சிலிண்டர்கள் வெளியே விடும் ஆவியை வீணாக்காமல் மேலே இருக்கும் இரண்டு சிலிண்டருக்குள் அனுப்பி, அதைக்கொண்டு பல்சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். விரிந்து போன ஆவிக்கு அதிக இடம் வேண்டும். பெரிய சிலிண்டர் போடுவதற்குப் பதிலாக, நான்கையும் ஒரே அளவில் வைத்து, மேல் ஜோடியை இடையே கியர் போட்டு ஏறத்தாழ இரட்டை வேகத்தில் ஓடவிட்டார்கள். ஏற்றத்தில் கேட்கும் சத்தம் மாறிப்போவது இதனால்தான். இதில் தானாக வந்த நன்மை ஒன்றும் உண்டு. ஈரத்தில் ஓடும் சக்கரம் வழுக்கினால் ஆவி அதிகமாக மேல் சிலிண்டர் பக்கம் போய்ச் சேரும். அங்கே அழுத்தம் கூடி, வழுக்கும் சக்கரத்தின் சிலிண்டரை அதுவே எதிர்த்துப் பிடிக்கும், பல்சக்கரத்துக்கோ கூடுதல் பலம் போகும். யாரும் எதையும் திருகாமலே வழுக்கல் அடங்கும். இதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கீழே வரும்போது

இனி இறக்கம். குன்னூரிலிருந்து கல்லாறுக்கு 1,300 மீட்டர் கீழே வர வேண்டும். நம்முடைய 100 டன் ரயில் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல், மின்சாரக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 350 யூனிட். இது முழுவதும் வெப்பமாக மாறி எங்கேயாவது போயாக வேண்டும். போகவில்லை என்றால் அது வேகமாக மாறும். பல் பாதையில் அனுமதித்த வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். அந்த வேகத்தில், மிகச் சரிவான இடத்தில், ரயில் உண்டாக்கும் வெப்பம் சுமார் 280 கிலோவாட். கிட்டத்தட்ட 380 ஹெச்.பி. இன்ஜின் ஒன்று முழு மூச்சாக வேலை செய்வதற்குச் சமமான சூட்டைத் தொடர்ந்து தணித்துக்கொண்டே வர வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு நொடிக்கும் வரும் சூடும் இரட்டிப்பு. பிளாட்பாரத்தில் கேட்ட அந்தக் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 13-ஐ 26 ஆக்க வேண்டுமென்றால் அத்தனை சூட்டையும் வாங்கிக்கொள்ளும் பிரேக்கை முதலில் கொண்டுவர வேண்டும்.

வெறும் கட்டை பிரேக் இதற்குப் போதாது. சக்கரத்தை அழுத்தும் வார்ப்பிரும்புக் கட்டை சூடாக ஆக அதன் உராய்வு குறையும். அதனால் இன்னும் அழுத்துவார்கள், இன்னும் சூடாகும். மேட்டுப்பாளையம் ரோட்டில் உருளைக்கிழங்கு, கேரட் மூட்டை ஏற்றி இறங்கும் லாரிகளில் பர்லியாறு பக்கம் கருகல் வாடை வருவது இதே கதைதான். சங்ககிரி, நாமக்கல் பக்கத்து டிரைவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலை இறங்கும்போது காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருபவன் பாதி மலையில் மாட்டுவான். சின்ன கியரில் போட்டு, புகை வெளியேறும் வழியை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தட்டி, இன்ஜினையே வண்டியைப் பிடிக்கவிட்டு, கால் பிரேக்கை மிச்சம் வைத்துக்கொண்டு வருபவன்தான் கல்லாறு சேருவான்.

மலை ரயில் இன்ஜின் செய்வதும் இதுவேதான், அதுவும் லாரிக்கு எக்ஸாஸ்ட் பிரேக் வருவதற்கு முன்னமே. இறக்கத்தில் டிரைவர் ஆவியை மூடிவிடுவார். திசை மாற்றும் லீவரை ஓடும் திசைக்கு எதிராகப் போடுவார். இப்போது பிஸ்டன்கள் ஆவியால் ஓடவில்லை, சக்கரம்தான் அவற்றை ஓட்டுகிறது. சிலிண்டர் வெளிக்காற்றை உறிஞ்சி அமுக்கும் கம்ப்ரஸராக மாறுகிறது. அமுங்கிய காற்றை வெளியே விடும் வால்வை எவ்வளவு மூடுகிறாரோ அவ்வளவு எதிர்ப்பு. அதாவது அவ்வளவு பிரேக். கட்டை தேயாது, சக்கரம் சூடாகாது. ஆனால் காற்றை அமுக்கினால் சிலிண்டர் கொதிக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளே விடுகிறார்கள். அது ஆவியாகி சூட்டை எடுத்துக்கொண்டு வெளியேறும். இறக்கத்திலும் இன்ஜினிலிருந்து வெள்ளை ஆவி சீறுவதைப் பார்த்து "இறங்கறதுக்கும் எதுக்குங்க ஆவி?" என்று கேட்பவர்கள் பார்ப்பது அந்தத் தண்ணீரைத்தான். தண்ணீர் விடுவது குறைந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய் கருகும், ஆவி கசியாமல் அடைக்கும் பேக்கிங் எரியும், பிஸ்டன் ரிங் சுவரைக் கீறும். உறிஞ்சும் காற்றைப் புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் புகைப்பெட்டி வழியாக எடுத்தாலும் கேடுதான். கரியும் சாம்பலும் உள்ளே போய்விடும். அதனால் இறக்கத்தில் அந்த வழியை அடைத்துச் சுத்தமான காற்றுக்குத் தனி வழி திறந்தாக வேண்டும்.

இது முதல் பிரேக்தான். இன்ஜினிலேயே பல்சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் தனியாக உண்டு. அது போக ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்மேன் நிற்பார். பெட்டிக்கு இரண்டு வகைப் பிடி: ஒன்று ஓடும் சக்கரத்துக்கு, மற்றொன்று பெட்டியின் அடியில் பல் பட்டையில் உருளும் பல்சக்கரத்துக்கு. டிரைவரின் விசிலைக் கேட்டு இவர்கள் கைப்பிடியைச் சுற்றி இறுக்குவதும் தளர்த்துவதும் இறக்கம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். எல்லாப் பளுவும் இன்ஜின் முதுகில் விழாமல், அந்தந்தப் பெட்டி அதன் பளுவில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறது. இதில் கைப்பக்குவம் முக்கியம். திடீரென்று இறுக்கிப் பிடித்தால் பல்சக்கரம் பட்டையின் பல்மேல் ஏறப் பார்க்கும். பிடிப்பு மெல்ல வர வேண்டும், எல்லாப் பெட்டியிலும் ஒரே சமயத்தில் வர வேண்டும். ஏற்றத்தில் இதே ஆட்களுக்கு இன்னொரு வேலை. இன்ஜின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்பாதை தெரியாது. முதல் பெட்டிக்காரர் பச்சைக் கொடியோ சிவப்புக் கொடியோ காட்ட, அது பெட்டி பெட்டியாக டிரைவரிடம் வந்து சேரும். சுற்றுலாப் பயணிகள் இவர்களைக் கொடி காட்டும் ஆட்களாகவே பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஏறும்போதும் இறங்கும்போதும் இன்ஜின் பள்ளத்துப் பக்கமே இருப்பதற்குக் காரணமும் இப்போது விளங்கும். கொக்கி விட்டுப்போனாலும் பெட்டி தனியாக உருண்டு ஓட முடியாது, கீழே இன்ஜின் நிற்கிறது. இன்ஜினின் புகைபோக்கி எப்போதும் மேட்டுப் பக்கம் பார்த்திருக்கும், நெருப்புப் பெட்டி பள்ளத்துப் பக்கம். நூற்றுக்கு எட்டு சரிவில் பாய்லரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தண்ணீர் மட்டம் 8 சென்டிமீட்டர் சாயும். சாய்ந்த தண்ணீர் நெருப்புப் பெட்டியின் தலையை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மாற்றி நிறுத்தினால் அந்த இடம் காய்ந்து உலோகம் இளகிவிடும்.

தண்டவாளம் எந்தப் பக்கம் நகர்கிறது

ஒரு சின்ன விஷயம், ஆனால் பாதை பராமரிக்கிறவர்களுக்கு இதுதான் தலைவலி. ஏறும்போது பல்சக்கரம் பட்டையைக் கீழ்நோக்கி உதைத்துத்தான் வண்டியை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது வண்டியின் பளு, பல்சக்கரம் வழியாகப் பட்டையை அழுத்துவதும் கீழ்நோக்கித்தான். சமவெளியில் போகிற வண்டியும் வருகிற வண்டியும் தண்டவாளத்தை ஆளுக்கொரு பக்கம் தள்ளி ஓரளவு சமன் செய்துகொள்ளும். இங்கே மேலே போனாலும் கீழே வந்தாலும் பாதை மேட்டுப்பாளையம் பக்கமே நகரப் பார்க்கிறது. பல்லின் தேய்மானமும் ஒரே முகத்தில், மேட்டைப் பார்த்த முகத்தில். பாதையை நங்கூரம் போட்டுப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. பட்டைத் துண்டுகள் சேரும் இடத்தில் இடைவெளி கொஞ்சம் மாறினாலே பல்லின் கணக்கு தப்பிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரயில் ரத்து என்று செய்தி வந்தால் "ரெண்டு கல்லு விழுந்ததுக்கா?" என்று சலித்துக்கொள்பவர்களுக்கும் இதுதான் பதில். சமவெளிப் பாதையில் மண்ணை அள்ளிவிட்டு, கொஞ்சம் உயர்த்தித் தட்டி, மெதுவாக வண்டியை விட்டுவிடலாம். இங்கே பாறை விழுந்து பட்டை வளைந்தால் அதை நிமிர்த்துவது போதாது. ஓடும் தண்டவாளத்துக்கும் பட்டைக்கும் உள்ள உயரம், இரண்டு பட்டைக்கும் உள்ள பல் வரிசை, எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் திரும்ப வர வேண்டும். வேலைக்குச் சாமான் கொண்டுபோகவும் பல இடங்களில் ரோடு கிடையாது, பாதை வழியாகவேதான் போக வேண்டும். 2009 நவம்பர் மழை நீலகிரியையே புரட்டிப்போட்டபோது இந்தப் பாதையும் தப்பவில்லை.

"டீசல் இன்ஜினைப் போட்டுட்டா என்னங்க?" என்ற கேள்வியும் உண்டு. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல்தான் ஓடுகிறது. அங்கே சரிவு 25-க்கு 1 அளவில்தான், பல் பட்டையே இல்லை. அந்த இன்ஜினுக்குப் பல்சக்கரமும் இல்லை, சிலிண்டரைக் கம்ப்ரஸராக்கி இறங்கும் ஏற்பாடும் இல்லை. அதைக் கல்லாறு இறக்கத்தில் விட முடியாது. நீராவி இன்ஜின்களில் நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கத் தொடங்கியது வேறு சங்கதி. எரிபொருள்தான் மாறியது. பிரேக் அதேதான்.

இறக்கத்தைப் பார்க்க நினைக்கிறவர்கள் ஊட்டியிலிருந்து டிக்கெட் போடுங்க. குன்னூரில் இன்ஜின் மாற்றும் நேரத்தில் இறங்கி, நீராவி இன்ஜின் வந்து சேரும் இடத்துக்குப் போய் நின்றால் பல்சக்கரத்தையும் பிரேக் கம்பிகளையும் கிட்டத்தில் பார்க்கலாம். குன்னூருக்குக் கீழே இன்ஜினுக்குப் பக்கத்துப் பெட்டி கிடைத்தால் நல்லது. ஹில்குரோவில் குரங்குகளுக்குப் பயந்து ஜன்னலை மூடினாலும் காதைத் திறந்து வையுங்க. விசில், அதன்பின் பெட்டிக்குப் பெட்டி கைப்பிடி சுற்றும் சத்தம், சிலிண்டரின் மூச்சு, எல்லாம் கேட்கும். கல்லாறுக்குச் சற்று மேலே பல் பட்டை முடியும் இடத்தில் அந்தக் கடகடப்பு சட்டென்று நிற்கும். அதன்பின் மேட்டுப்பாளையம் வரை சாதாரண ரயில்தான். மழைக்காலத்தில் போகிறவர்கள் முதல் நாள் இரவே ரயில் ஓடுகிறதா என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்க.